ஃப்ரீபிஎஸ்டி: ரெய்டு-இசட்1 பூலில் ஒரே சமயத்தில் இரண்டு வன்தட்டுகளில் பிழை. எதை முதலில் மாற்றுவது?

தாளும் மையும் (கேள்வி)

வணக்கம். எங்கள் சிறிய அச்சகத்தில் பக்க வடிவமைப்புக் கோப்புகளையும் பழைய மலர்களை ஸ்கேன் செய்த படங்களையும் சேமித்துவைக்க ஃப்ரீபிஎஸ்டி 14 இயங்குதளம் நிறுவிய கணினி ஒன்றை வைத்திருக்கிறோம். 4 டெராபைட் கொள்ளளவுள்ள நான்கு வன்தட்டுகள், அடா0 முதல் அடா3 வரை, ரெய்டு-இசட்1 முறையில், இசட்எஃப்எஸ் கோப்பு முறைமையின் ஒரே பூலாக (ஒன்றுபட்ட சேமிப்பிடமாக) இணைக்கப்பட்டுள்ளன. இயங்குதளம் தனியாக ஒரு சிறிய எஸ்எஸ்டியில் யுஎஃப்எஸ் கோப்பு முறைமையில் இருக்கிறது. நான்கு வன்தட்டுகளும் ஒன்றாக வாங்கி ஒரே நாளில் பொருத்தப்பட்டவை. மதர்போர்டில் ஆறு சாட்டா இணைப்பிடங்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று காலியாக உள்ளது.

சில வாரங்களாக, காலையில் வந்து பார்க்கும்போது பூலில் உள்ள எந்தக் கோப்புறையைத் திறந்தாலும் பதில் வராமல் அப்படியே நின்றுவிடுகிறது. எல்லா நாளும் அல்ல, அவ்வப்போது. எஸ்எஸ்ஹெச் வழியாக உள்ளே நுழைய முடிகிறது, ஆனால் ‘இசட்பூல் ஸ்டேட்டஸ்’ கட்டளை பூல் இடைநிறுத்தப்பட்டிருப்பதாகச் சொல்கிறது. கணினியை அணைத்து மறுபடியும் இயக்கினால் பூல் திரும்பி வந்துவிடுகிறது. கடைசியாக அவ்வாறு இயக்கிய பிறகு அடா2 வன்தட்டின் செக்சம் (தரவுச் சரிபார்ப்பு எண்) பத்தியில் 217 என்றும், அடா3 வன்தட்டின் ரீட் பத்தியில் 1 என்றும் காட்டுகிறது. மற்ற இரண்டும் பூஜ்யம். அறியப்பட்ட தரவுப் பிழை எதுவும் இல்லை என்றே கடைசி வரி கூறுகிறது.

வழக்கமாகப் பழுது பார்ப்பவர் அடா2 போய்விட்டது என்றும், அதைக் கழற்றிவிட்டுப் புதியதைப் பொருத்தினால் சரியாகிவிடும் என்றும் சொன்னதால் அதே கொள்ளளவில் புதிய வன்தட்டு ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். இன்று மாலை மாற்றிவிடலாமா? அதற்கு முன் பார்க்க வேண்டியது ஏதேனும் உண்டா?

நெய்தல்

வணக்கம் ஐயா. தயவுசெய்து இன்று மாலை அடா2 வன்தட்டைக் கழற்றாதீர்கள். உங்கள் பூல் இப்போது இருக்கும் நிலையில் மிக ஆபத்தான செயல் அதுதான்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். ரெய்டு-இசட்1 ஒரே ஒரு வன்தட்டின் இழப்பை மட்டுமே தாங்கும். அடா2 வன்தட்டைக் கழற்றிய கணத்தில் அந்த ஒரு வாய்ப்பு செலவாகிவிடுகிறது. புதிய வன்தட்டில் ரிசில்வர் (தரவை மீண்டும் உருவாக்கி எழுதும் பணி) முடியும் வரை மீதமுள்ள மூன்றும் ஒரு செக்டர்கூடத் தவறாமல் படித்துக் கொடுத்தாக வேண்டும். அந்த மூன்றில் ஒன்றான அடா3 படிக்க முடியவில்லை என்று ஏற்கெனவே ஒருமுறை சொல்லியிருக்கிறது. 217 என்ற பெரிய எண் கண்ணை இழுக்கிறது, ஆனால் அந்தப் பக்கத்து ‘1’ எனக்கு அதைவிட அதிகக் கவலை தருகிறது. செக்சம் பிழை என்பது வன்தட்டு ஏதோ ஒன்றைத் தடையின்றிப் படித்துக் கொடுத்தது, ஆனால் கொடுத்தது சரியானதாக இல்லை என்று பொருள். ரீட் பிழை என்பது படிக்கவே முடியவில்லை என்று பொருள். இரண்டுக்கும் மூலகாரணம் வேறு வேறாக இருக்கலாம்.

முதலில் நகல் எடுங்கள். மறுபடி உருவாக்க முடியாதவை எவையோ, ஸ்கேன் செய்த மலர்கள் என்று ஊகிக்கிறேன், அவற்றை வெளி வன்தட்டு ஒன்றுக்கு மாற்றிவிடுங்கள். அதற்கு முன் பூலை எக்ஸ்போர்ட் செய்து (கணினியிலிருந்து விடுவித்து), ‘படிக்க மட்டும்’ என்ற தெரிவுடன் மீண்டும் இம்போர்ட் செய்துகொண்டு (இணைத்துக்கொண்டு) ஆர்சிங்க் என்ற நகல் கருவி கொண்டு நகலெடுப்பது நல்லது. அந்த நிலையில் பூலில் புதிதாக எதுவும் எழுதப்படாது என்பதால், நடுவில் ஒரு வன்தட்டு விலகினாலும் எழுதிய பாதி எழுதாத பாதி என்ற குழப்பம் நேராது.

அதன் பிறகு நான்கு வன்தட்டுகளுக்கும், பிழை காட்டும் இரண்டுக்கு மட்டுமல்ல, வன்தட்டு தன் நிலையைப் பற்றி வைத்திருக்கும் ஸ்மார்ட் கணக்கைக் காட்டும் ‘ஸ்மார்ட்சிடிஎல்’ கட்டளை தரும் முழு அட்டவணையை இங்கே இடுங்கள். பிழையில்லாத இரண்டோடு ஒப்பிட்டால்தான் மற்ற இரண்டின் எண்கள் பேசும். பூல் நின்றுபோன நாளின் மெசேஜஸ் லாக்கில் அடா2, அடா3 பற்றி வந்த வரிகளும் தேவை. இயங்குதளம் தனி எஸ்எஸ்டியில் இருப்பதால் அந்த வரிகள் தப்பியிருக்கும். கடைசியாக, கணினியின் மின்வழங்கியான எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து நான்கு வன்தட்டுகளுக்கும் மின்சாரம் எந்தெந்தக் கம்பி வழியாகச் செல்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்.

மரப்பாலம்

முதலில் நகல் எடுக்க வேண்டும் என்பதில் எனக்கும் மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் 217 செக்சம் பிழைகளைக் காட்டிய வன்தட்டை இன்னும் பூலில் வைத்திருப்பதை நான் விரும்பமாட்டேன். வாரண்டி இருந்தால் அனுப்பிவிடுவதே முறை. காலியாக ஓர் இணைப்பிடம் இருப்பதால் புதிய வன்தட்டை அங்கே பொருத்தி, அடா2 தன் இடத்திலேயே இருக்க ‘இசட்பூல் ரீப்ளேஸ்’ கொடுக்கலாம். பழையது இணைப்பில் இருக்கும்வரை இசட்எஃப்எஸ் அதிலிருந்தும் படித்துக்கொள்ளும். ரிசில்வர் முழுவதும் முடிந்த பிறகே அதைப் பூலிலிருந்து விலக்கும். நெய்தல் அஞ்சும் ஆபத்து இந்த வழியில் பெரிதும் குறைகிறது.

இன்னொன்றையும் சரிபார்க்கச் சொல்வேன். மேசைக்கணினிக்கென்று விற்கப்படும் வன்தட்டுகள் பல, படிக்க முடியாத செக்டர் ஒன்றைச் சந்தித்தால் விடாமல் திரும்பத் திரும்ப முயன்றுகொண்டே இருக்கும். ஃப்ரீபிஎஸ்டியில் அடா வகை வன்தட்டுகளுக்கான காலக்கெடு இயல்பாக 30 விநாடி, மறுமுயற்சி 4 என்று வைக்கப்பட்டிருக்கிறது. ஆகவே ஒரே ஒரு மோசமான செக்டர் பூலையே சில நிமிடம் பிடித்து நிறுத்திவிட முடியும். ‘ஸ்மார்ட்சிடிஎல்’ மூலம் எஸ்சிடி-இஆர்சி (பிழையை மீட்க முயலும் நேர வரம்பு) அளவை 70, 70 (விநாடியின் பத்தில் ஒரு பங்குக் கணக்கில்) என்று அமைத்தால், ஏற்கும் வன்தட்டு 7 விநாடிக்குள் முயற்சியைக் கைவிட்டுப் பிழையென்று அறிவித்துவிடும். மீதியை இசட்எஃப்எஸ் பார்த்துக்கொள்ளும். பெரும்பாலான வன்தட்டுகளில் மின்சாரம் போனால் இந்த அமைப்பும் அழிந்துவிடும் என்பதால் கணினி தொடங்கும் ஒவ்வொரு முறையும் இது இயங்குமாறு செய்ய வேண்டும். உங்கள் பூல் நிற்பதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

தாளும் மையும்

இருவருக்கும் நன்றி. வன்தட்டு எதையும் கழற்றவில்லை. ஸ்கேன் செய்த மலர்கள் முழுவதும் வெளி வன்தட்டில் நகலாகிவிட்டன. பிழை எதுவும் வரவில்லை.

ஸ்மார்ட் அட்டவணையில் நான்கிலும் 5ஆம் எண்ணின் மதிப்பு (மாற்றிடம் தரப்பட்ட செக்டர்கள்) பூஜ்யம். 197ஆம் எண் (முடிவு நிலுவையில் உள்ள செக்டர்கள்) அடா3 வன்தட்டில் மட்டும் 8, மற்றவற்றில் பூஜ்யம். 199ஆம் எண் (சிஆர்சி, அதாவது தரவுக் கேபிளில் கடக்கும்போது நேரும் பிழைகள்) அடா2 வன்தட்டில் 3, அடா3 வன்தட்டில் 2, மற்றவற்றில் பூஜ்யம். வெப்பநிலை நான்கிலும் 40 டிகிரிக்குள் இருக்கிறது. இவற்றைத் தவிர வித்தியாசமாக எனக்குத் தெரிந்தது 12ஆம் எண் மட்டுமே: அடா0, அடா1 இரண்டிலும் 58, அடா3 வன்தட்டில் 79, அடா2 வன்தட்டில் 131.

லாக்கில், பூல் நின்ற நாள்களில் அடா2, அடா3 இரண்டும் ஒரே விநாடியில் விலகியதாகவும் சிறிது நேரத்தில் மீண்டும் இணைந்ததாகவும் வரிகள் இருக்கின்றன. எல்லாமே அதிகாலை 3 மணியைத் தாண்டிய சில நிமிடங்களுக்குள். வேறொரு நாளில் அடா3 பற்றி மட்டும் ‘யுஎன்சி’ (திருத்திப் படிக்க முடியவில்லை) என்று முடியும் பிழை ஒன்று வந்திருக்கிறது.

மின்கம்பி: அடா0, அடா1 இரண்டும் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து நேராக வரும் சாட்டா மின்னிணைப்பில் உள்ளன. அடா2, அடா3 இரண்டும் பழைய நான்கு ஊசி மோலெக்ஸ் மின்முனையில் செருகிய ஸ்பிளிட்டர் (ஓர் இணைப்பை இரண்டாகப் பிரிக்கும் கம்பி) ஒன்றிலிருந்து மின்சாரம் பெறுகின்றன.

நெய்தல்

நீங்கள் தந்த எண்களிலேயே விடை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

12ஆம் எண் என்பது வன்தட்டு எத்தனை முறை மின்சாரம் பெற்றுத் தொடங்கியது என்ற கணக்கு. ஒரே நாளில் ஒரே கேபினெட்டில் பொருத்தப்பட்ட நான்கு வன்தட்டுகளுக்கு இந்த எண் ஒன்றாகவே இருக்க வேண்டும். கணினியை நீங்கள் இயக்கிய கணக்கு 58. அடா0, அடா1 இரண்டும் அதை உறுதி செய்கின்றன. அப்படியானால் அடா3 வன்தட்டுக்கு 21 முறையும் அடா2 வன்தட்டுக்கு 73 முறையும், கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் அறுந்து மீண்டும் வந்திருக்கிறது. வன்தட்டு தானாகக் கெடுவதன் அடையாளமன்று இது. அதற்கு வரும் மின்சாரம் நிலையாக இல்லை என்பதன் அடையாளம். அந்த இரண்டுக்கும் பொதுவாக இருப்பது ஸ்பிளிட்டர் ஒன்றே. 192ஆம் எண்ணையும் பாருங்கள்: திடீரென மின்சாரம் போகும்போது ஹெட்டுகள் (தகட்டில் படிக்கும், எழுதும் முனைகள்) அவசரமாக ஒதுக்கப்பட்ட எண்ணிக்கை அது. இந்த இரண்டில் அதுவும் உயர்ந்திருக்க வேண்டும்.

இந்தக் கோணத்திலிருந்து பார்த்தால் மற்றவை தாமாகவே பொருந்துகின்றன. இரண்டும் ஒரே விநாடியில் விலகினால் ரெய்டு-இசட்1 தாங்காது. பூலின் ‘ஃபெயில்மோட்’ பண்பு இயல்பில் ‘வெயிட்’ என்று இருப்பதால், இசட்எஃப்எஸ் தவறான எதையும் எழுதிவிடாமல் எல்லாவற்றையும் நிறுத்திவைத்துக் காத்திருக்கிறது. காலையில் நீங்கள் காணும் உறைநிலை அதுதான். 3 மணி என்பதும் தற்செயலன்று. ஃப்ரீபிஎஸ்டியின் கிரான் அட்டவணையில் (குறித்த நேரத்தில் தானாக ஓடும் பணிகளின் பட்டியல்) தினசரிப் பணிகள் 3 மணி 1 நிமிடத்துக்குத் தொடங்குகின்றன. அவற்றுள் பாதுகாப்புச் சோதனை கோப்பு முறைமைகள் முழுவதையும் தேடிச் செல்வதால் நான்கு வன்தட்டுகளின் ஹெட்டுகளும் ஒருசேர அசைகின்றன, 12 வோல்ட் கம்பியில் மின்னோட்டம் கூடுகிறது, தளர்ந்த தொடுமுனை அப்போது கைவிடுகிறது.

அடா2 காட்டும் 217க்கு வருகிறேன். மின்சாரம் கண்ணிமைக்கும் நேரம் மட்டும் அறுந்தால், இயங்குதளத்தின் மையமான கெர்னல் அதை வன்தட்டின் விலகலாகக் கொள்ளாமல் வெறும் ரீசெட் என்று கொண்டு, நிலுவையில் இருந்த கட்டளைகளை மறுபடி அனுப்பித் தொடர்ந்துவிடக்கூடும். ஆனால் எழுதியாயிற்று என்று வன்தட்டு ஏற்கெனவே ஒப்புக்கொண்டு, தன் தற்காலிக நினைவகத்தில் மட்டும் வைத்திருந்த தரவு அந்தக் கணத்தில் காணாமல் போயிருக்கும். அந்த இடத்தில் பழைய தரவே இருக்கும். செக்டர் அளவில் அது முற்றிலும் சரியான தரவு, ஆகவே வன்தட்டுக்குப் புகார் எதுவும் இல்லை. இசட்எஃப்எஸ் செக்சத்தைத் தரவுக்குப் பக்கத்தில் வைக்காமல், அதைச் சுட்டும் மேல்நிலை பிளாக்கில் வைத்திருப்பதால்தான் இந்த இழப்பைக் கண்டுபிடிக்க முடிகிறது. யுஎஃப்எஸ் போன்ற கோப்பு முறைமையாக இருந்தால் உங்கள் மலரின் ஒரு பக்கம் பழைய நிலைக்குப் போயிருப்பதைப் பல மாதங்கள் கழித்து அச்சில்தான் பார்த்திருப்பீர்கள். இசட்எஃப்எஸ் எனக்கு மிகப் பிடித்துப்போனதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

சாட்டா தரவுக் கேபிள் கெட்டிருந்தால் 199ஆம் எண் நூற்றுக்கணக்கில் ஏறியிருக்கும், லாக்கில் ‘ஐசிஆர்சி’ என்ற சொல் வந்திருக்கும். 3, 2 என்பவை மின்வெட்டின் பக்கவிளைவாகவே எனக்குத் தோன்றுகின்றன.

அடா3 வன்தட்டின் 197ஆம் எண்ணில் இருக்கும் 8ஐக் கண்டு உடனே அஞ்ச வேண்டாம். உள்ளே 4096 பைட்டாகவும் வெளியே 512 பைட்டாகவும் செக்டர்களைக் காட்டும் வன்தட்டுகள் பலவற்றில், உண்மையான ஒரு செக்டர் படிக்க முடியாமல் போனால் கணக்கில் 8 ஏறும். எழுதிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் போனால் செக்டர் அரைகுறையாக நின்றுவிடும். தகட்டில் குறை எதுவும் இல்லாமலேயே அதைப் படிக்க முடியாது. அதன் மேல் புதிதாக எழுதிய பிறகு 197 இறங்கி 5 ஏறாமல் இருந்தால் தகடு நன்றாக இருக்கிறது. 197 இறங்கி 5 ஏறினால் தகட்டில் உண்மையாகவே பழுது உண்டு. அப்போது மாற்ற வேண்டியது அடா3, அடா2 அன்று.

மரப்பாலம் அவர்கள் சொன்ன ரீப்ளேஸ் முறை சரியானதே. ஆனால் இப்போது அதைச் செய்யக்கூடாது. ஐந்தாவது வன்தட்டு ஒன்றும் சேர்ந்து சுழலத் தொடங்கினால் மின்சுமை மேலும் கூடும். ரிசில்வர் நடக்கும்போது இரண்டும் விலகினால் எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. முதலில் மின்னிணைப்பு. பிறகு ஸ்க்ரப், அதாவது பூலில் உள்ள தரவு முழுவதையும் படித்துச் சரிபார்ப்பது. வன்தட்டை மாற்றலாமா என்ற பேச்சு அதற்குப் பிறகுதான்.

செம்புக்கம்பி

மின்பக்கத்தைப் பற்றி மட்டும் சில சொற்கள். 3.5 அங்குல வன்தட்டு 5 வோல்ட்டை மின்னணுப் பகுதிக்கும் 12 வோல்ட்டை மோட்டாருக்கும் பயன்படுத்துகிறது. சுழலத் தொடங்கும்போது 12 வோல்ட்டில் ஏறத்தாழ 2 ஆம்பியர் வரை இழுப்பது இயல்பு. இரண்டு வன்தட்டுகளின் அந்தச் சுமை முழுவதும் உங்கள் கணினியில் மோலெக்ஸின் ஒரே 12 வோல்ட் ஊசி வழியாகப் போகிறது. அந்த ஊசியைப் பற்றிக்கொள்ளும் குழல் சற்று விரிந்துவிட்டால் தொடுபரப்பு குறைகிறது, சூடாகிறது, கறுக்கிறது, மின்தடை ஏறுகிறது. இது தானாகச் சரியாகாது, நாளாக நாளாக மோசமாகும். பிளாஸ்டிக்கை உருக்கி வார்த்த வகை ஸ்பிளிட்டர்களில் உள்ளே கம்பிகள் ஒன்றையொன்று தொட்டு எரிந்துபோனதும் உண்டு. ஆகவே இது தரவைப் பற்றிய கவலை மட்டுமன்று.

கணினியை அணைத்து, சுவரிலிருந்து பிளக்கை எடுத்த பிறகே தொடுங்கள். மோலெக்ஸ் முனையைப் பிரித்து 12 வோல்ட் மஞ்சள் கம்பி சேரும் இடத்தைப் பாருங்கள். நிறம் மாறியிருந்தாலோ பிளாஸ்டிக் இளகியிருந்தாலோ அதைத் துடைத்து மீண்டும் பயன்படுத்த எண்ண வேண்டாம். எஸ்எம்பிஎஸ்ஸில் பயன்படுத்தாத சாட்டா மின்கம்பி இருந்தால் நேரடியாக அதிலிருந்து கொடுங்கள். மல்டிமீட்டரில் 12 வோல்ட் சரியாகக் காட்டுகிறதே என்று யாரேனும் சொன்னால் அதை நம்பிவிட வேண்டாம். ஏடிஎக்ஸ் விதிப்படி 11.40 முதல் 12.60 வோல்ட் வரை ஏற்கத்தக்கது. ஆனால் சில மில்லி விநாடிகளுக்கு மட்டும் நேரும் சரிவைச் சாதாரண மல்டிமீட்டர் காட்டாது. உங்கள் வன்தட்டின் 12ஆம் எண் அதைவிட நல்ல சாட்சி.

தாளும் மையும்

ஸ்பிளிட்டரைக் கழற்றிப் பார்த்தேன். அடா2 பக்கம் போகும் மஞ்சள் கம்பியின் முனை பழுப்பேறி, அதைச் சுற்றியிருந்த வெள்ளைப் பிளாஸ்டிக் ஒரு பக்கம் இளகி வளைந்திருந்தது. எஸ்எம்பிஎஸ்ஸின் பையில் சாட்டா மின்கம்பி இன்னொன்று பயன்படுத்தாமல் இருந்தது. அடா2, அடா3 இரண்டுக்கும் அதிலிருந்து நேராகக் கொடுத்துவிட்டேன். 192ஆம் எண்ணும் நெய்தல் சொன்னபடியே இந்த இரண்டில் மட்டும் உயர்ந்திருந்தது.

அதன் பின் ஸ்க்ரப் செய்தேன். அடா2 வன்தட்டில் செக்சம் எண் மேலும் ஏறியது, ஆனால் எல்லாம் சரிசெய்யப்பட்டதாகவும் இழந்த கோப்பு எதுவும் இல்லை என்றும் அறிக்கை வந்தது. பிழை எண்ணிக்கையை அழிக்கும் ‘இசட்பூல் கிளியர்’ கொடுத்துவிட்டு மறுபடி ஸ்க்ரப் செய்தபோது நான்கிலும் பூஜ்யம். அடா3 வன்தட்டில் 197 இப்போது பூஜ்யம், 5ஆம் எண்ணும் பூஜ்யம். 12ஆம் எண், கம்பியை மாற்றிய பின் நான்கிலும் ஒன்றாகவே ஏறுகிறது. 3 மணியைக் கடந்த பிறகும் பூல் ஓடிக்கொண்டிருக்கிறது.

வாங்கிவைத்த புதிய வன்தட்டை என்ன செய்வது? அதையும் சேர்த்து, இரண்டு வன்தட்டுகளின் இழப்பைத் தாங்கும் ரெய்டு-இசட்2 ஆக மாற்ற முடியுமா?

நெய்தல்

மிக்க மகிழ்ச்சி. அடா3 மீது நீண்ட தன்சோதனையையும் ஒருமுறை ஓட்டிவிடுங்கள். ஸ்க்ரப் தரவு இருக்கும் பிளாக்குகளை மட்டுமே படிக்கும். காலி இடத்தில் அரைகுறையாக நிற்கும் செக்டர் அதன் கண்ணில் படாது. 4 டெராபைட்டுக்கு ஏறத்தாழ 7, 8 மணி நேரம் ஆகும், அதுவரை பூலைப் பயன்படுத்தத் தடையில்லை.

மரப்பாலம்

12ஆம் எண்ணை ஒப்பிட்டுப் பார்த்த விதம் எனக்குப் புதியது. இனி நானும் அதைத்தான் முதலில் பார்ப்பேன்.

ரெய்டு-இசட்1 பூலை இருக்கும் நிலையிலேயே ரெய்டு-இசட்2 ஆக மாற்ற வழியில்லை. ஓபன்இசட்எஃப்எஸ் 2.3 பதிப்பில் வந்த விரிவாக்க வசதியும் வன்தட்டின் எண்ணிக்கையைக் கூட்டுமே தவிரப் பாதுகாப்பின் அளவைக் கூட்டாது. ரெய்டு-இசட்2 வேண்டுமென்றால் எல்லாவற்றையும் வேறிடத்துக்கு மாற்றிப் பூலைப் புதிதாகவே உருவாக்க வேண்டும். உங்கள் இடத்தில் நான் இருந்தால் புதிய வன்தட்டைப் பூலில் சேர்க்காமல், வெளிப்பெட்டி ஒன்றில் இட்டு அதில் தனியாக ஓர் இசட்எஃப்எஸ் பூல் உருவாக்கி, வாரம் ஒருமுறை ஸ்னாப்ஷாட் (அந்தக் கணத்து நிலையின் பதிவு) எடுத்து ‘இசட்எஃப்எஸ் செண்ட்’ மூலம் மலர்களை அதற்கு அனுப்பிவிட்டு, அச்சகத்துக்கு வெளியே வைத்திருப்பேன். பூலில் எத்தனை வன்தட்டு கூடினாலும், எஸ்எம்பிஎஸ் ஒன்றே எல்லாவற்றையும் சேர்த்து எரித்தால் ரெய்டு எதுவும் உதவாது.

தினசரிப் பணிகளை முடிவுசெய்யும் பீரியாடிக் அமைப்புக் கோப்பில் இசட்எஃப்எஸ் நிலை அறிக்கையையும் தானியங்கி ஸ்க்ரப்பையும் இயக்கிவிடுங்கள். ஸ்க்ரப்பின் இடைவெளி இயல்பாக 35 நாள். ஸ்மார்ட் எண்களைக் கண்காணிக்கும் ‘ஸ்மார்ட்டி’ சேவையையும் இயக்கி, 5, 197 ஆகியவை ஏறினால் மின்னஞ்சல் வருமாறு செய்யுங்கள். நான்கு வன்தட்டுகளின் 12ஆம், 192ஆம் எண்களை இன்றைய தேதியோடு குறித்து, அந்தத் தாளைக் கேபினெட்டின் உட்பக்கம் ஒட்டிவையுங்கள். அடுத்து யார் திறந்தாலும் ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும்.